கடைக்குள் வரும் வீட்டுக்காரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாசி வீதிகளிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பேன்சி ஸ்டோர், பாத்திரக் கடை, தையல் கடை, வீட்டிலேயே சுங்குடி விற்பவர்கள், ஊறுகாய் போடுபவர்கள் என்று மாதத்துக்கு இருபது இருபத்தைந்து நோட்டுகள் என் மேசைக்கு வரும். ஜிஎஸ்டி பற்றிக் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்டு முடித்ததும் எழுந்திருக்க மாட்டார்கள். பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "அண்ணே, இன்னொன்னு..." என்பார்கள். அந்த இன்னொன்று அநேகமாக வீட்டுக்காரரை, அதாவது கட்டிய கணவரைப் பற்றியோ, வீட்டம்மாவைப் பற்றியோதான் இருக்கும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவை இவை. நான் வக்கீல் இல்லை. கோர்ட் வரை போகிற விஷயம் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

கடை என் பேர்ல இருக்கு. ஆனா கல்லாவுல இருந்து அவரு பாட்டுக்குக் காசு எடுக்குறாரு. கேட்டா "நம்ம காசுதானே"ங்கிறாரு. என்ன பண்றது?

கல்லாவில் இருப்பது முழுக்க நம்ம காசு இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. நூறு ரூபாய்க்கு வளையல் விற்றால் அதில் எழுபது எழுபத்தைந்து விளக்குத்தூண் மொத்தக் கடைக்காரருடையது. வாடகை, கரண்ட் பில், கூட நிற்கும் பிள்ளையின் சம்பளம் எல்லாம் போக மிஞ்சும் பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான் வீட்டுக்கு. ஆனால் சாயங்காலம் கல்லாவைத் திறந்தால் அவ்வளவும் லாபம் மாதிரித்தான் இருக்கும். சரக்குக்காரனுக்குப் பதில் சொல்லிப் பழகாத கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

எடுக்காதே என்று சொல்ல வேண்டாம், எடுக்கத்தான் செய்வார். எழுதச் சொல்லுங்கள். ஓர் அக்காவின் பேன்சி கடையில் பில் குத்தும் கம்பி ஒன்றைக் கல்லாப் பக்கத்தில் வைத்தோம். யார் எடுத்தாலும் துண்டுச் சீட்டில் தேதி, தொகை, பேர் எழுதிக் குத்த வேண்டும். அக்காவும்தான். காரணம் எழுத வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டால் மனுஷன் சீட்டே எழுத மாட்டார். மாதக் கடைசியில் சீட்டுகளை உருவிக் கூட்டும் வேலையை அவரிடமே கொடுத்தோம். இருபது, ஐம்பது, நூறு, ஒருதரம் ஐந்நூறு. 11,400 என்று வந்ததும் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு முதலிலிருந்து போட்டார். மறுபடியும் 11,400. அந்தக் கடைக்கு வாடகை 9,000.

அடுத்த மாதம் முதல் அவருக்கு வாரம் 1,500, சனிக்கிழமை கவரில். கணக்கில் இதற்குச் 'சொந்த எடுப்பு' என்று பேர். இது கடைச் செலவில் சேராது, முதலாளி தான் போட்ட முதலிலிருந்து எடுத்ததாக நிற்கும். லோன் கேட்டுப் போகும்போது "விற்பனை இவ்வளவு இருக்கே, பணம் எங்கம்மா?" என்று மேனேஜர் கேட்டால் நோட்டைக் காட்டலாம்.

சீட்டும் எழுத மாட்டேன் என்கிறவராக இருந்தால், காலையில் சில்லறைக்கு 500 வைத்துக் கடையைத் திறங்கள். மத்தியானம் ஒருதரம், சாத்தும்போது ஒருதரம் கல்லாவைக் காலி செய்துவிடுங்கள். இல்லாத நோட்டை எடுக்க முடியாது.

உதவி செய்றேன்னு வந்து எல்லாத்தையும் மாத்துறாரு. நல்ல எண்ணந்தான், ஆனா தாங்க முடியல.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. அந்த ஆள் நான்தான்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி இட்லி மாவு விற்கிறாள். 2020 ஊரடங்கில் கடைகள் சாத்தியதும் எனக்கு நோட்டு வரத்து நின்றுபோனது. சும்மா இருக்கத் தெரியாமல் அவள் வியாபாரத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரமே ஒரு நட்டத்தைக் கண்டுபிடித்தேன். கிலோ மாவு ஊற்றிய பிறகு பாத்திரத்தில் அரைக் கரண்டி கொசுறு விடுவாள். அரைக் கரண்டி 50 கிராம், நாளுக்கு எண்பது பேர், ஆக நாளுக்கு நாலு கிலோ, மாதத்துக்கு 120 கிலோ. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுக் காட்டினேன். கொசுறை நிறுத்தினேன். அவள் காசிலேயே ஒரு டிஜிட்டல் தராசும் வாங்கினேன்.

பத்து நாளில் கூட்டம் கலைந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்குவாளியோடு எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்கு நடந்தார்கள், அவ்வளவுதான். எண்பது அறுபதாகி, அறுபது நாற்பதாகி, ஒருநாள் ராத்திரி ஒரு குண்டான் மாவு மிஞ்சிப் புளித்துப் போனது. அவள் என்னை வையவில்லை. குண்டானைக் கழுவிக்கொண்டே, "அந்த அரைக் கரண்டிதாங்க நம்ம கடைக்கு போர்டு" என்றாள். எங்கள் கடைக்கு போர்டு கிடையாது.

இருபது வருடம் ஊரார் கணக்கு எழுதியவனுக்கு அது தெரியவில்லை. இப்படி வந்து உட்காருகிறவருக்கு இன்னதுதான் உன் வேலை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எல்லா வேலையிலும் கை வைப்பார். ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள், அதற்குத் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருக்கட்டும். விலை, வாடிக்கையாளர், வேலையாட்கள் இந்த மூன்றையும் தொடாத வேலையாகப் பாருங்கள். சரக்கு எடுத்து வருவது, பார்சல் கட்டுவது, பில்லை அடுக்குவது, வசூலுக்குப் போவது எதுவானாலும் சரி. முன்பு என்ன வேலை பார்த்தார் என்பதையும் யோசியுங்கள். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவரை மனைவி தன் டிபன் கடையில் சில்லறைக்கு நிறுத்தினார். அந்தக் கடையில் இன்றுவரை சில்லறைச் சண்டை கிடையாது.

எதையாவது மாற்றிப் பார்க்க அவர் ஆசைப்பட்டால் ஒரு வாரம், ஒரே ஒரு மாற்றம். வாரக் கடைசியில் இருக்கட்டுமா வேண்டாமா என்று சொல்வது கடையை நடத்துகிறவர். என் தராசு இப்போது பேத்தியின் எடை பார்க்கப் பயன்படுகிறது.

வாடிக்கையாளர் முன்னாடியே வையிறாரு. வேலைக்கு நிக்கிற பிள்ளைகளுக்கும் யார் சொல்றதைக் கேக்குறதுன்னு தெரியல.

புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல் கடைகளில் ஒன்று. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின மாதம் அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. அழகர் வேஷம் கட்டுகிறவர்களின் உடைக்கு சாட்டினும் ஜரிகையும் குவிந்து கிடக்கும். துணி வெட்டுவது புருஷன், ஆர்டரும் தேதியும் பெண்டாட்டி. ஒருநாள் சிவப்பை முதலில் முடி என்று அவர் சொல்ல, பச்சையை முடி என்று அந்தக்கா சொல்ல, ஆர்டர் கொடுக்க வந்தவர் முன்னாலேயே ஏறிக்கொண்டுவிட்டது. மெஷினில் இருந்த தையல்காரர் பெடலிலிருந்து காலை எடுத்தார். பாபினைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மறுநாள் நாலு கடை தள்ளி உட்கார்ந்திருந்தார். திருவிழா நேரத்தில் தையல்காரரை எங்கே போய்த் தேடுவது?

சம்பளம், லீவு, எந்த வேலை முதலில் என்பதெல்லாம் ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். மற்றவரிடம் பிள்ளைகள் கேட்டால், "அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழக வேண்டும். கௌரவக் குறைச்சல் மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். அந்தத் தையல் கடையில் இப்போது ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது ஒருவர் "கத்திரிக்கோலைக் காணோமே" என்றால் மற்றவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும், மீதி ராத்திரிக்கு. ஒருதரம் வாடிக்கையாளர் ஒருவர் நிஜமாகவே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாராம்.

சொந்தக்காரங்களுக்குக் கடனுக்குச் சரக்கு குடுத்துடுறாரு. செய்முறைக்கும் கடைக் காசுதான். சொன்னா மானப் பிரச்சினை ஆகுது.

மதுரைப் பக்கம் இருந்துகொண்டு மொய், சீர் என்று வரும் செய்முறையைத் தட்டிக்கழிக்க முடியாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். அவர்கள் வீட்டிலும் நோட்டு இருக்கிறது, நம் வீட்டிலும் இருக்கிறது. ஆக இது செலவே அல்ல, பழைய கடனை அடைப்பது. வீண் செலவு என்று பேச்சைத் தொடங்கினால் தோற்றுப்போவீர்கள்.

சிக்கல் மாதத்தில் இருக்கிறது. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் நெருக்கமாக வரும், ஜவுளிக்காரருக்கு அப்போதுதான் சரக்கும் நிறைய எடுக்க வேண்டும். அதே மாதத்தில் வீட்டுக்கு ஏழு பத்திரிகை வரும். போன மூன்று வருடத்தில் செய்தது எவ்வளவு என்று கூட்டி, வருடச் சராசரி பார்த்துப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகையை மாதாமாதம் வங்கியில் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பத்திரிகை வந்தால் அந்தப் பணம், கல்லாப் பணம் இல்லை. வருடம் 36,000 செய்கிற வீடு மாதம் 3,000 ஒதுக்க யோசிக்கும். ஆனால் ஆவணியில் ஒரே மூச்சில் 15,000 எடுக்க யோசிக்காது. மனுஷ புத்தி அப்படி.

சரக்கையே எடுத்துக் கொடுத்தால் அடக்க விலைக்கு எழுதுங்கள். வீட்டிலிருந்து சுங்குடி விற்கும் ஒருவருக்கு வருடக் கடைசியில் லாபம் எங்கே போனது என்றே பிடிபடவில்லை. எண்ணிப் பார்த்தால் பதினாலு சேலை அவர் வீட்டுக்காரரின் அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்குப் போயிருந்தது. ஜிஎஸ்டி எண் வாங்கிய கடை என்றால், இப்படிச் சும்மா கொடுத்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிக் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

கடனுக்கு நான் சொல்வது கொஞ்சம் முரட்டு வழி. யார் கொடுத்தாரோ அவரே வசூலிக்க வேண்டும். மூன்று மாதத்தில் வரவில்லை என்றால் அவருடைய சனிக்கிழமைக் கவரில் பிடித்தம். உறவுக்காரரிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையா, "கணக்குப்பிள்ளை ஒத்துக்க மாட்டேங்கிறாரு" என்று என் தலையில் போடுங்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரப் போவதில்லை.

வீட்டுக்காரருக்கோ வீட்டம்மாவுக்கோ கடையிலிருந்து சம்பளம் போடலாமா?

போடலாம். மரியாதைக்கு அது ரொம்ப நல்லது. "சும்மாதானே இருக்கே" என்ற பேச்சு நிற்கும். வரி மிச்சமாகும் என்று நினைத்துப் போட வேண்டாம். உங்கள் கடையிலிருந்து கணவருக்கோ மனைவிக்கோ தரும் சம்பளத்தை வருமான வரிச் சட்டம் உங்கள் வருமானத்தோடேயே சேர்த்துவிடும். தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைப் படிப்போ இருந்து அதை வைத்தே அவர் சம்பாதித்தார் என்றால் மட்டும் விலக்கு. மருந்துக் கடையில் பார்மஸி படித்த மனைவி சம்பளம் வாங்கினால் காட்டலாம். பாத்திரக் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு 30,000 போட்டால் நிற்காது. எவ்வளவானாலும் வங்கி வழியாகக் கொடுங்கள்.

பார்ட்னராவே சேத்துட்டா அமைதி ஆகிடுவாரா?

ஆக மாட்டார். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி அன்றாட விஷயங்களில் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு செய்யும். இரண்டு பேரில் பெரும்பான்மை எங்கிருந்து வரும்? ஒருவர் கடைக்காக வாங்கிய கடனுக்கு மற்றவர் முழுத் தொகைக்கும் பொறுப்பு, பாதிக்கு இல்லை. புது பான், புது ஜிஎஸ்டி எண் என்று அலைச்சல் வேறு. அவர் நிஜமாகவே முதல் போடுகிறார், தினமும் வேலை பார்க்கிறார் என்றால் பத்திரம் எழுதிப் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டாண்மை, பாக்கி வைத்த வெளியாள் மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. கோபத்தைத் தணிக்கப் பங்கு எழுதிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பி வரும், பங்கு வராது.

செக் புக்குல நாலஞ்சு தாள்ல கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்றாரு. அவசரத்துக்குன்னு. போடலாமா?

போடாதீர்கள். இந்தப் பதிலை மட்டும் இரண்டு தரம் படியுங்கள்.

கணக்கு உங்கள் பேரில், கையெழுத்து உங்களுடையது. அவர் அந்த செக்கை யாரிடமோ கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு தேடி வருவது உங்களை. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்புவார்கள். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் கேஸ். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். "தொகையை நான் எழுதலை" என்று சொல்லித் தப்புவது கஷ்டம். விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்று செக்கும் கடனுக்காகக் கொடுத்ததாகவே முதலில் கொள்ளப்படும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். வங்கியில் நிறுத்தச் சொன்னாலும் கேஸிலிருந்து தானாக விடுதலை கிடைக்காது.

ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டவர்கள், இன்றைக்கே அடிக்கட்டையைப் பார்த்து எந்த எண் எங்கே போனது என்று எழுதுங்கள். மீதித் தாள்களை வாங்கிக் கிழியுங்கள், செக் புக்கைப் பூட்டி வையுங்கள். அவரே உங்கள் கையெழுத்தைப் போட்டிருந்தால் விஷயம் வேறு. வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், வக்கீலிடமும் சொல்லுங்கள்.

குழுக்கடனும் இதே கதைதான். மதுரைக்குக் குழுக்கடன் புதிதில்லை, களஞ்சியம் என்ற பெண்கள் சுயஉதவிக் குழு இயக்கம் வளர்ந்த மண். அதில் முன்னின்ற புல்லுச்சேரி சின்னப்பிள்ளைக்கு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்ல குழுவில் கடன் கேட்டால் எதற்கு என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். அந்தக் கூச்சமே ஒரு பாதுகாப்பு. இப்போது வாசலுக்கே வந்து ஆதார் வாங்கிக் கடன் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மனைவி பேரில் எடுத்து அவர் பைக் வாங்குகிறார், செவ்வாய்க்கிழமை தவணைக்கு மனைவி பதில் சொல்கிறாள். உங்கள் கடைக்கு எடுத்த கடன் உங்கள் கடைக் கணக்குக்குள்தான் வந்து விழ வேண்டும். வேறு எங்கே விழுந்தாலும் அது கடைக் கடன் இல்லை.

ஜிபே பணமெல்லாம் அவரு போன்ல விழுது.

நாளைக்கே மாற்றுங்கள். கடை யார் பேரிலோ அவர் வங்கிக் கணக்கில் இணைத்த க்யூஆர் அட்டைதான் கடையில் ஒட்டியிருக்க வேண்டும். சண்டைக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் விற்பனை அவர் கணக்கில் வருமானமாகத் தெரியும், லோன் கேட்கப் போனால் உங்கள் பாஸ்புக்கில் ஒன்றும் இருக்காது. சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவும் உங்கள் ஆதாரில் உங்கள் பேரிலேயே செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது.

விடியக்காலம் மூணு மணிக்கு பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பணும். அதுக்கே தெனம் சந்தேகம், சண்டை. நான் சம்பாதிக்கிறது பிடிக்கலையோன்னு தோணுது.

கேட்டவர் மாட்டுத்தாவணியில் மல்லி எடுத்துக் கட்டி விற்கிறவர். இதற்குக் கணக்கு நோட்டில் பதில் இல்லை. சந்தேகத்தை யாரும் ரசீது காட்டித் தீர்த்ததில்லை. ரசீது காட்டக் காட்ட இன்னொரு ரசீது கேட்கும்.

ஆனாலும் ஒன்று கேட்டேன். "நீங்க போனப்புறம் வீட்டுல என்ன நடக்குது?" பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, ஸ்கூல் வேனில் ஏற்றுவது வீட்டுக்காரர். வேலைக்குக் கிளம்பும்போது அவருக்குச் சோறு இருக்காது, முந்தின நாள் மிச்சம்தான். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சந்தேகமாகச் சொல்லியிருக்கிறார். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் பக்கத்து டிபன் கடையில் காலைச் சாப்பாட்டுக்கு மாதக் கணக்கு வைத்ததும் சத்தம் பாதியானது. அதையும் பூக்கணக்கில்தான் எழுதுகிறார்கள். வீட்டில் ஒருவர் விட்டுவிட்டுப் போகும் வேலையை இன்னொருவர் எடுப்பதும் தொழிலுக்கு ஆகும் செலவுதான்.

மீதிப் பாதி? அது அப்படியே இருக்கிறது. முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறி அந்தம்மா நல்ல காசு கொண்டுவந்தால் அன்றைக்குச் சண்டை கூடுதலாம். வழி எனக்குத் தெரியவில்லை. பேசிப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் 14416க்குப் போன் செய்யலாம், அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள்.

நான் ஆம்பளை. எங்க வீட்டுல தொந்தரவு பொண்டாட்டிதான். இதுக்கு ஏதாச்சும் சொல்லுங்கண்ணே.

உங்களை மாதிரி நிறையப் பேர் வருகிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பெரும்பாலும் குறை ஒன்றுதான். திடீரென்று கடைக்கு வந்து கணக்குக் கேட்கிறாள், வேலையாள் முன்னால் மானத்தை வாங்குகிறாள்.

நான் திருப்பிக் கேட்பது, கடைக்காக அவர் நகையை எத்தனை தரம் அடகு வைத்தீர்கள், எத்தனை தரம் மீட்டீர்கள்? இங்கே அநேகம் பேர் டீயைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்தம்மாவுக்குக் கடை என்பது நகை உள்ளே போகும், திரும்பி வராத இடம். சீதனமாக வந்த நகை சட்டப்படியும் அவருடைய தனிச் சொத்து. கஷ்டத்தில் நீங்கள் எடுத்தாலும் திருப்பித் தரும் கடமை உண்டு. கடை நோட்டில் அவரைக் கடைக்குக் கடன் கொடுத்தவராக எழுதுங்கள்: இன்ன தேதி, இத்தனை கிராம், இந்தக் கடையில் அடகு, இந்த மாதத்துக்குள் மீட்க வேண்டும். அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். மாதம் ஒருதரம் வரவு செலவையும் காட்டுங்கள். அதற்குப் பிறகும் கடை வாசலில் வந்து கத்தினால் என்னிடம் வாருங்கள், அப்போது உங்கள் பக்கம் பேசுகிறேன்.

குடிச்சிட்டு வந்து கடையில ரகளை பண்றாரு. சரக்கைத் தூக்கி எறியிறாரு. கை நீட்டுறாரு.

இதற்குச் சீட்டு, கம்பி, சனிக்கிழமைக் கவர் எதுவும் உதவாது. இதைத் தொழில் பிரச்சினை என்று நினைத்துப் பொறுத்துப் போகாதீர்கள்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை. பணத்தைப் பறிப்பதையும் பொருளை விற்றுத் தின்பதையும் பொருளாதார வன்முறை என்று சேர்த்திருக்கிறது. உங்கள் வேலை இடத்துக்குள் அவர் வரக்கூடாது, இருவர் பேரில் இருக்கும் வங்கிக் கணக்கைத் தொடக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட முடியும். கடை உங்கள் வேலை இடம்தான். பெண்கள் உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100. குடியை நிறுத்த அவர் சம்மதித்தால் அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சம்மதிக்கும்வரை கடைச் சாவி, செக் புக், நகை மூன்றும் அவர் கைக்கு எட்டாத வீட்டில், அம்மா வீடோ அக்கா வீடோ, இருக்கட்டும்.

நாங்க பிரிஞ்சுட்டா கடை யாருக்கு?

தனி உரிமைக் கடை என்றால் யார் பேரில் பதிவோ அவருக்கு. கணவன் மனைவி என்பதாலேயே பாதிப் பாதி என்று தமிழ்நாட்டில் பொருந்தும் சட்டத்தில் இல்லை. கடனும் வரி பாக்கியும் அதே பேரைத் தேடித்தான் வரும். சலுகைக் கடனுக்காக மனைவி பேரைப் போட்டுவிட்டு எல்லாம் தானே நடத்துகிறவர்களும், பேர்தானே என்று கையெழுத்துப் போட்ட மனைவிகளும் இதை யோசிக்க வேண்டும். மற்றவர் போட்ட பணம் இருந்தால் அது வங்கி வழியாக வந்ததா, என்னவென்று எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. கையில் கொடுத்த இரண்டு லட்சத்துக்குச் சாட்சி கிடையாது. கடை மாமனார் வீட்டு முன்பக்கத்தில் நடந்தால் வாடகை ஒப்பந்தம் ஒன்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், நல்லாயிருக்கும்போதே.

இதையெல்லாம் வீட்டுல எப்படிப் பேச்செடுக்குறது?

கடையில் பேசாதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். சுற்றி அவ்வளவு ஜனம் இருக்கும்போது குரலை உயர்த்த முடியாது, அதுதான் சூட்சுமம். போகும்போது நோட்டை எடுத்துப் போங்கள். "நீ இப்படித்தான்" என்று ஆரம்பிக்காமல், போன மாதப் பக்கத்தைத் திறந்து ஒரே ஒரு தொகையில் விரலை வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தொகை போதும். மாமியாரையும் மச்சானையும் நடுவில் இழுக்க வேண்டாம். நோட்டைப் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்து வம்சத்தைப் பற்றிய பேச்சு ஆரம்பமாகிவிடும்.

உங்க வீட்டுல இப்ப எப்படிண்ணே?

காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை மாவுப் பாக்கெட் கட்டுவேன். ஏழு அடித்ததும் எழுந்து வந்துவிட வேண்டும், அதுதான் பேச்சு. கொசுறு திரும்ப வந்துவிட்டது, கூட்டமும் முக்கால்வாசி. அவள் கல்லா ஒரு பழைய பிஸ்கட் டப்பா, பக்கத்தில் கம்பி. போன மாதம் பெட்ரோலுக்கும் வெற்றிலைக்கும் எடுத்ததில் சீட்டுப்படி என் பேரில் 240 ரூபாய் பாக்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டச் சொல்லியிருக்கிறாள்.